பூஸ்டர் ஊசிக்குப் பின் காய்ச்சல்: எதைப் பொறுத்துக்கொள்ளலாம்? எதற்கு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

ஜொகூர் பாரு, ஜன. 9 – "முதல் ரெண்டு ஊசி போட்டப்ப ஒன்னுமே ஆகலையே, இது மட்டும் ஏன் ஆளை அடிச்சுப் போட்டுருச்சு?"

குளுவாங், சிகாமட், கூலாய் வட்டாரத் தோட்டங்களிலும் ஜொகூர் பாரு அடுக்குமாடி வீடுகளிலும் 2022 தொடக்கத்தில் அதிகம் கேட்ட பேச்சு இதுதான். ஊக்கத் தடுப்பூசி, அதாவது பூஸ்டர் போட்டுக்கொண்டு வந்தவர் மறுநாள் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தார். அதைப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மா, "எனக்கு வேணாம்ப்பா" என்று மைசெஜாத்ராவில் வந்த தேதியை விட்டுவிட்டார்.

இதற்கு நேர் எதிரான ஆட்களும் நம்மிடையே இருக்கிறார்கள். நெஞ்சு வலித்தாலும் மூச்சு வாங்கினாலும் "ஊசி வேலை செய்யுது, சரியாப் போயிடும்" என்று படுத்துக் கிடப்பவர்கள். முதலாமவர் பயப்பட வேண்டாததற்குப் பயப்படுகிறார். இரண்டாமவர் பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல் இருக்கிறார். இருவருக்கும் தேவையானது ஒன்றுதான்: எது சாதாரணம், எது ஆபத்து, அது எத்தனையாவது நாளில் வரும் என்ற தெளிவு.

ஏன் இந்த முறை மட்டும் காய்ச்சல்?

2021 பிப்ரவரி 24-ஆம் தேதி நாட்டில் தேசியத் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. அதன் பிறகு நம்மில் பலர் போட்டுக்கொண்டது சினோவேக். அது செயலிழக்கச் செய்யப்பட்ட கிருமியைக் கொண்டு தயாரிக்கப்படும் பழைய முறைத் தடுப்பூசி. பொதுவாக அதற்குக் காய்ச்சல் குறைவு. ஆனால், சினோவேக் போட்டவர்களுக்கு 2022 தொடக்கத்தில் பூஸ்டராகப் பெரும்பாலும் ஃபைசர் போடப்பட்டது. ஃபைசர் நம் உடலின் எதிர்ப்புச் சக்தியைச் சற்று வேகமாகவே தட்டி எழுப்பும்.

வாசலில் ஜாகா போட்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். திருடன் வந்தால் எப்படி இருப்பான் என்று காட்ட ஒரு படத்தைக் கொடுப்பதுதான் தடுப்பூசி. படத்தைப் பார்த்ததும் ஜாகா விசில் ஊதி எல்லாரையும் எழுப்புகிறார். அந்த விசில் சத்தம்தான் காய்ச்சல், உடம்பு வலி, குளிர் எல்லாம். உள்ளே திருடன் வரவில்லை. இங்கே போடப்பட்ட ஃபைசர், சினோவேக், ஆஸ்ட்ராஸெனெகா ஆகிய எதிலும் கோவிட் நோயை உண்டாக்கக்கூடிய உயிருள்ள கிருமி கிடையாது. ஆகவே, ஊசியால் கோவிட் வந்துவிட்டது என்பது சரியல்ல.

ஃபைசர் தடுப்பூசியைப் பல்லாயிரம் பேருக்குப் போட்டுச் சோதித்தபோது 100 பேரில் 84 பேருக்கு ஊசி போட்ட இடத்தில் வலி இருந்தது. 63 பேருக்குச் சோர்வு, 55 பேருக்குத் தலைவலி, 38 பேருக்கு உடம்பு வலி, 32 பேருக்குக் குளிர் நடுக்கம், 14 பேருக்குக் காய்ச்சல். ஆக, கை வலி வந்தவர் பெரும்பான்மையோடு இருக்கிறார். காய்ச்சல் வந்தவரும் அதிசயமானவர் அல்லர்.

அதே சோதனையில் ஒரு பகுதியினருக்கு மருந்தே இல்லாத வெறும் உப்பு நீர் ஊசி போடப்பட்டது. எது மருந்து, எது உப்பு நீர் என்று அவர்களுக்குத் தெரியாது. அந்த உப்பு நீர் போட்டவர்களிலும் 55 வயதுக்கு உட்பட்டோரில் சுமார் மூன்றில் ஒருவர், முதல் ஊசிக்குப் பின் தலைவலி, சோர்வு என்று சொன்னார்கள். பயமும் எதிர்பார்ப்பும்கூட உடம்பில் வலியாக வரும் என்பதற்கு இது சான்று. சாதாரண நாளில் வரும் தலைவலியும் அன்று ஊசியின் கணக்கில் சேர்ந்துவிடும்.

"எனக்கு ஒன்றுமே வரவில்லை, அப்படியென்றால் ஊசி பிடிக்கவில்லையா?" என்று கேட்பவர்களும் உண்டு. அப்படி இல்லை. காய்ச்சல் வராதவருக்கும் எதிர்ப்புச் சக்தி உருவாகும். பொதுவாக இளைஞர்களுக்குப் பக்க விளைவு கூடுதலாகவும் வயதானவர்களுக்குக் குறைவாகவும் இருக்கும்.

முதல் அரை மணி நேரம்

ஊசி போட்டதும் 15 நிமிடம் உட்காரச் சொல்கிறார்கள். கடுமையான ஒவ்வாமை வந்த வரலாறு உள்ளவர்களை 30 நிமிடம் உட்கார வைக்கிறார்கள். வேன் காத்திருக்கிறது, வெயில் ஏறுகிறது என்று இடையில் எழுந்து வந்துவிடாதீர்கள்.

உடல் முழுதும் தடிப்பு, முகம் உதடு வீக்கம், மூச்சுத் திணறல், திடீர் மயக்கம் ஆகியவை கடுமையான ஒவ்வாமையின் அடையாளம். ஃபைசரில் இது 10 லட்சம் ஊசிகளுக்குச் சுமார் 5 பேருக்கு நேர்ந்ததாக அமெரிக்காவின் தொடக்கக் கணக்கு சொல்கிறது. பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். அங்கேயே மருந்து கொடுத்துச் சரிசெய்ய முடியும். பாதி வழியில் வேனுக்குள் வந்தால்தான் சிக்கல்.

இறால், நண்டு சாப்பிட்டால் அரிப்பு வருகிறது என்பவர்கள் தயங்கத் தேவையில்லை. அது ஊசிக்குத் தடையல்ல. ஆனால், போடுபவரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள். முதல் ஊசியிலேயே கடும் ஒவ்வாமை வந்தவர் மட்டும் மருத்துவரிடம் காட்டாமல் அடுத்ததைப் போடக் கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஊசி போட்ட இடத்தைச் சில நிமிடம் கூடுதலாக அழுத்திப் பிடித்தால் போதும்.

சிலருக்கு ஊசியைப் பார்த்த பயத்திலேயே தலை சுற்றும், கண் இருட்டும். வெறும் வயிற்றில் போனால் இது கூடும். தைப்பூச விரதத்தில் இருப்பவர்களும் எதையாவது சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போவது நல்லது. தலை சுற்றல் தெளியும்வரை மோட்டார் சைக்கிளில் ஏற வேண்டாம்.

முதல் இரண்டு இரவுகள்

கை வலி, காய்ச்சல், உடம்பு வலி எல்லாம் பெரும்பாலும் ஊசி போட்ட அன்றிரவோ மறுநாளோ தொடங்கி, இரண்டு மூன்று நாட்களில் தானாகவே போய்விடும்.

இதற்கு நம் வீடுகளில் இருக்கும் பெனடோல் போதும். பெரியவர்கள் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று அல்லது இரண்டு சாப்பிடலாம். அடுத்த முறை சாப்பிட 4 முதல் 6 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். ஒரு நாளில் 8 மாத்திரையைத் தாண்டக் கூடாது. சளி, தடுமலுக்குக் கடையில் வாங்கும் பல மாத்திரைகளிலும் இதே மருந்து கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் அளவு கூடிவிடும். கல்லீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும்.

காய்ச்சல் வருவதற்கு முன்பே, ஊசிக்குப் போகும்போதே மாத்திரை போட்டுக்கொண்டு போகத் தேவையில்லை. வந்த பிறகு சாப்பிட்டால் போதும்.

"வலிக்கு ரெண்டு கிளாஸ் போட்டாத் தூக்கம் வரும்" என்று சம்சு பாட்டிலை எடுப்பவர்களை வீட்டில் உள்ளவர்கள் தடுக்க வேண்டும். காய்ச்சலில் உடம்பில் நீர் வற்றும். மது அதை இன்னும் வற்றச் செய்யும். தொடர்ந்து குடிப்பவர்களுக்கு பெனடோலும் சேர்ந்தால் கல்லீரலுக்குக் கேடு.

ஊசி போட்ட இடத்தில் தைலம் தேய்த்து நீவி விடாதீர்கள். ஈரத்துணி வைத்தால் வலி குறையும். கையை மெல்ல அசைத்துக்கொண்டே இருங்கள். குளிக்கலாம். கோழி, மீன் எல்லாம் சாப்பிடலாம். பத்தியம் எதுவும் கிடையாது. கஞ்சி, ரசம், இளநீர் என்று நீர் ஆகாரம் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனிப்புநீர், இரத்த அழுத்தம், இருதய நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள் அன்று மட்டும் மருந்தை நிறுத்துவது பெரிய தவறு. வழக்கம்போல் சாப்பிட வேண்டும். காய்ச்சலில் இனிப்பு அளவு ஏறலாம். வீட்டில் கருவி இருந்தால் ஒருமுறை கூடுதலாகப் பாருங்கள். இன்சுலின் போடுபவர் சாப்பிட முடியாமல் வாந்தி எடுத்தால் கிளினிக்கில் கேளுங்கள்.

பூஸ்டர் போட்டவர்களில் 100-க்குச் சுமார் 5 பேருக்கு அக்குளில் நெறி கட்டியதாக ஃபைசரின் ஆய்வு சொல்கிறது. குளிக்கும்போது கையில் தட்டுப்படும் அந்தக் கட்டியைப் பார்த்து மார்பகப் புற்றுநோயோ என்று கலங்கிப் போகும் பெண்கள் உண்டு. ஊசி போட்ட கையின் பக்கம் என்றால் சில வாரங்களில் வற்றிவிடும். வற்றவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கர்ப்பிணிப் பெண்கள் காய்ச்சலைச் சகித்துக்கொண்டு இருக்கக் கூடாது. பெனடோல் சாப்பிட்டுக் காய்ச்சலைத் தணிக்க வேண்டும். தணியவில்லை என்றால் உடனே கிளினிக்.

மூன்றாம் நாளும் காய்ச்சலா?

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். மூன்றாம் நாளும் காய்ச்சல் அடித்தால் அதை ஊசியின் கணக்கில் எழுதாதீர்கள்.

ஜொகூரில் டெங்கி எப்போதும் உண்டு. தோட்டப்புறத்தில் எலிக் காய்ச்சலும் உண்டு. ஊசி போட்ட அதே வாரத்தில் கொசு கடிக்காது என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை. மூன்றாம் நாளும் காய்ச்சல் நின்றபாடில்லை என்றால் கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். டெங்கியாக இருக்கக்கூடும் என்பதால் அஸ்பிரின், புருஃபென் போன்ற மாத்திரைகளைச் சொந்தமாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். டெங்கியில் அவை இரத்தக் கசிவை அதிகப்படுத்தும்.

இருமல், மூக்கொழுகல், தொண்டை வலி, மணம் தெரியாமல் போவது ஆகியவை தடுப்பூசியின் பக்க விளைவுகள் அல்ல. இவை வந்தால் கோவிட் பரிசோதனை செய்ய வேண்டும். ஊசி போட்ட மறுநாளே முழுப் பாதுகாப்பு வந்துவிடாது. ஊசிக்கு முன்பே தொற்று ஒட்டியிருக்கவும் கூடும். "ஊசிக் காய்ச்சல்தானே" என்று பேரப் பிள்ளைகளோடு பழகினால் வீடு முழுக்கப் பரவும்.

சென்னையில் ஒன்று, சிங்கப்பூரில் ஒன்று

தமிழர்களிடையே தடுப்பூசி பயம் பரவியதற்கு ஒரு பெரிய காரணம், நடிகர் விவேக்கின் மறைவு. 2021 ஏப்ரல் 15-ஆம் தேதி சென்னையில் அவர் கோவேக்சின் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் வீட்டில் மயங்கி விழுந்தார். 17-ஆம் தேதி அதிகாலை காலமானார். வயது 59. அந்தச் செய்தி இங்குள்ள நம் கைப்பேசிகளுக்கும் அன்றே வந்துவிட்டது. "ஊசி போட்டார், செத்தார்" என்ற இரண்டு வார்த்தைதான் பலர் மனத்தில் தங்கியது.

அவருடைய இருதயத்துக்குச் செல்லும் முக்கிய இரத்தக் குழாய் முற்றாக அடைபட்டிருந்ததாக அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்கள் அன்றே தெரிவித்தார்கள். அத்தகைய அடைப்பு ஒரே நாளில் உருவாவதில்லை என்பதும் விளக்கப்பட்டது. அந்த மரணத்தை ஆராய்ந்த இந்தியாவின் தேசியக் குழு, அது தடுப்பூசியால் வந்ததல்ல என்று 2021 அக்டோபரில் முடிவு கூறியது. அந்த முடிவு, முதல் செய்தி வந்த அளவுக்கு நம்மிடம் வந்து சேரவில்லை. அவர் போட்டுக்கொண்ட கோவேக்சின் நம் நாட்டுத் தடுப்பூசித் திட்டத்தில் பயன்படுத்தப்பட்டதும் இல்லை.

நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டில் மருத்துவர்கள் சான்றளித்த மரணங்களில் 17 விழுக்காடு இருதய இரத்தக் குழாய் நோயால் நேர்ந்தவை; 18 ஆயிரத்துக்கும் மேல். அதாவது நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 50 பேர். தடுப்பூசி வராத ஆண்டு அது. கோடிக்கணக்கானோர் ஊசி போடும்போது, அந்த 50 பேரில் சிலர் முதல் நாள் ஊசி போட்டவராகவும் இருப்பார். முன்னது பின்னதற்குக் காரணமா என்று ஆராய்ந்துதான் சொல்ல முடியும்.

ஆனால், ஆராய்ந்து "ஆம், ஊசியாக இருக்கலாம்" என்று சொன்ன சம்பவமும் உண்டு. அது நமக்குப் பக்கத்திலேயே, பாலத்துக்கு அப்பால் நடந்தது. 2021 ஜூலை தொடக்கத்தில் சிங்கப்பூரில் 16 வயது மாணவர் ஒருவர், ஃபைசர் முதல் ஊசி போட்ட ஆறாம் நாள் கனமான பளு தூக்கிய பின் இருதயம் நின்று விழுந்தார். அவர் உயிர் பிழைத்தார். கடுமையான இருதயத் தசை அழற்சி ஏற்பட்டதாகவும் அது தடுப்பூசியோடு தொடர்புடையதாக இருக்கக்கூடும் என்றும் அந்நாட்டுச் சுகாதார அமைச்சு வெளிப்படையாக அறிவித்தது. அவருக்கு 2 லட்சத்து 25 ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளி உதவித் தொகை வழங்கப்பட்டது.

இந்த இருதயத் தசை அழற்சி மிக அரிது. ஃபைசர் வகை ஊசிக்குப் பின், குறிப்பாக இரண்டாம் ஊசிக்குப் பின், 30 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. பெரும்பாலும் முதல் ஒரு வாரத்துக்குள் தெரியும். பெரும்பாலோர் ஓய்விலும் சிகிச்சையிலும் தேறிவிடுகிறார்கள். கோவிட் தொற்றும் இதே அழற்சியை உண்டாக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆபத்தே இல்லை என்று சொல்வது பொய். அந்த ஆபத்தை எதிரே வைத்துப் பார்க்க வேண்டிய கணக்கும் ஒன்று இருக்கிறது: 2021 முடியும்போது கோவிட்டால் நம் நாட்டில் இறந்தவர்கள் 31 ஆயிரத்துக்கும் மேல்.

இவை வந்தால் காத்திருக்க வேண்டாம்

கீழ்க்காணும் அறிகுறிகள் வந்தால் விடியட்டும் என்று பார்க்காமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். அல்லது 999-ஐ அழையுங்கள்.

- நெஞ்சு வலி, நெஞ்சில் பாரம், மூச்சு வாங்குதல், இருதயம் படபடவென அடித்தல்
- முகம், நாக்கு, தொண்டை வீக்கம், மூச்சுத் திணறல்
- மயங்கி விழுதல், வலிப்பு, பேச்சுக் குழறுதல், ஒரு பக்கக் கை கால் விழுதல்
- மாத்திரைக்கு அடங்காத கடும் தலைவலி, பார்வை மங்குதல்
- ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், விடாத வயிற்று வலி
- அடிபடாமலே தோலில் ஊதா நிறப் புள்ளிகள் தோன்றுதல்

கடைசி மூன்றும் ஆஸ்ட்ராஸெனெகா போட்டவர்கள் கவனிக்க வேண்டியவை. மிக அரிதாகச் சிலருக்கு 4 முதல் 30 நாட்களுக்குள் இரத்த உறைவு ஏற்படலாம். 2021-ஆம் ஆண்டின் நடுவில் போட்டவர்கள் அந்தக் காலத்தை எப்போதோ தாண்டிவிட்டார்கள். இனி அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

மருத்துவமனையில் முதலில் சொல்ல வேண்டியது: எந்த ஊசி, எந்தத் தேதியில் போட்டது. மைசெஜாத்ராவில் உள்ள தடுப்பூசிச் சான்றிதழைக் காட்டினால் போதும். கைப்பேசி இல்லாத தாத்தா பாட்டிக்கு அந்த விவரத்தை ஒரு தாளில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

எந்த நாளில் போடுவது?

நாட்சம்பளக்காரருக்குப் பெரிய பயம் காய்ச்சல் அல்ல. காய்ச்சலால் போகும் இரண்டு நாள் சம்பளம். பலர் ஊசியைத் தள்ளிப்போடுவதற்கு இதுவே உண்மையான காரணம். இதற்குத் திட்டமிடுவதுதான் வழி.

ஓய்வு நாளுக்கு முதல் நாள் போட்டுக்கொண்டால், உடம்பு வலிக்கும் நாள் வீட்டில் கழிந்துவிடும். கணவன் மனைவி இருவரும் ஒரே நாளில் போடாமல் சில நாள் இடைவெளி விட்டால், ஒருவர் படுத்தாலும் இன்னொருவர் பிள்ளைகளையும் அடுப்பையும் பார்த்துக்கொள்வார். கணவர் சிங்கப்பூரில் இருக்க, பிள்ளைகளோடு தனியே இருக்கும் பெண்கள் அக்கம் பக்கத்தில் சொல்லி வையுங்கள். தனியாக வாழும் முதியவர்களை முதல் இரண்டு இரவும் யாராவது போய்ப் பார்த்து வர வேண்டும். பொங்கல் வேலைகளுக்கு நடுவே போடுவதைவிட, பொங்கல் கழிந்ததும் போடுவது சிலருக்குத் தோதாக இருக்கும். ஆனால், மாதக் கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். ஓமிக்ரோன் 2021 இறுதியிலேயே நம் நாட்டுக்குள் வந்துவிட்டது.

சிங்கப்பூர்ச் சம்பவத்தில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. ஊசிக்குப் பின் கடும் உடற்பயிற்சியைத் தவிர்க்குமாறு அந்நாட்டு அமைச்சு முதலில் ஒரு வாரம் என்றும் பிறகு இரண்டு வாரம் என்றும் அறிவுறுத்தியது. ஜிம்முக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சொல்வது எளிது. செம்பனைக் குலை வெட்டி, தூக்கி லாரியில் ஏற்றும் இளைஞருக்கு அந்த வேலையே பளு தூக்குதல்தான். முடிந்தால் அந்த வாரம் இலகுவான வேலை தருமாறு மண்டோரிடமும் கிராணியிடமும் முன்கூட்டியே கேளுங்கள். தோட்ட நிர்வாகங்களும் இதைக் கவனத்தில் கொள்வது நல்லது. வேலையின்போது நெஞ்சு வலித்தால் குலையை அங்கேயே போட்டுவிட்டு உட்கார வேண்டும். உடம்புக்கு முடியவில்லை என்றால் கிளினிக்கில் காட்டி எம்.சி. வாங்குங்கள்.

பாதிப்பு வந்தால் பதிவு செய்யுங்கள்

பக்க விளைவை மைசெஜாத்ரா வழியாகவே தெரிவிக்கலாம். கிளினிக்கிலோ மருத்துவமனையிலோ சொன்னாலும் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவுக்கு அறிக்கை போகும். ஊரெல்லாம் சொல்லி, மருத்துவரிடம் மட்டும் சொல்லாமல் விட்டால் அந்தப் பாதிப்பு எந்தக் கணக்கிலும் வராது. அரிதான பாதிப்புகள் உலகத்துக்குத் தெரிய வந்ததே இப்படிப்பட்ட அறிக்கைகளால்தான்.

தடுப்பூசியால் கடும் பாதிப்பு என்று உறுதியானவர்களுக்கு அரசாங்கச் சிறப்பு நிதியுதவியும் 2021-இல் அறிவிக்கப்பட்டது. நீண்ட நாள் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற நேர்ந்தால் 50 ஆயிரம் வெள்ளி வரையிலும், நிரந்தர உடற்குறை அல்லது மரணம் நேர்ந்தால் 5 லட்சம் வெள்ளியும் வழங்கப்படும் என்று அரசாங்கம் அப்போது அறிவித்திருந்தது. இதற்குத் தாள்கள் முக்கியம். தடுப்பூசி விவரம், மருத்துவமனைக் கடிதம், பரிசோதனை முடிவு அனைத்தையும் ஒரே கோப்பில் பத்திரப்படுத்துங்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்களுக்குப் படித்த இளைஞர்கள் உதவ வேண்டும்.

தோட்டத்தில் யாருக்காவது ஊசிக்குப் பின் காய்ச்சல் என்றால், அதைப் புலனத்தில் பரப்புவதற்கு முன் அந்த வீட்டுக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். கஞ்சி காய்ச்சிக் கொடுங்கள். எத்தனையாவது நாள், நெஞ்சு வலி உண்டா, மூச்சு சீராக இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டாம் நாள் காய்ச்சல் என்றால் "நாளைக்குச் சரியாகிடும்" என்று தைரியம் சொல்லுங்கள். நெஞ்சு வலி என்றால் வண்டியை எடுங்கள்.